தேடல் தரவரிசை சரிந்தால் எங்கே பார்க்க வேண்டும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தளத்துக்கு வரும் வாசகர் எண்ணிக்கை குறைந்தவுடன் ‘கூகுள் அல்காரிதத்தை மாற்றிவிட்டது’ என்று சொல்லிவிடுவது தள உரிமையாளர்களின் வழக்கம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ‘தரவரிசை போய்விட்டது’ என்ற முறையீட்டோடு என்னிடம் வந்த தளங்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு தளத்துக்குள்ளேயே இருந்தது. மீதமுள்ளவற்றில் சிலவற்றுக்குச் சரிவே நேரவில்லை, எண்ணும் முறை மட்டும் மாறியிருந்தது. ஆகவே காரணத்தைத் தேடிப் புறப்படுவதற்கு முன், எந்த எண் குறைந்தது, எந்த நாளில் குறைந்தது, எந்தப் பக்கங்களில் குறைந்தது என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு விடை கிடைத்தபின் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியது

கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தோன்றுகிறது என்பதைக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, கிளிக், இம்ப்ரெஷன், கிளிக் விகிதம், சராசரி நிலை ஆகிய நான்கு கோடுகளையும் ஒரே படத்தில் வரவழையுங்கள். இம்ப்ரெஷன் என்பது உங்கள் இணைப்பு தேடல் முடிவுகளில் இடம்பெற்ற தடவைகளின் எண்ணிக்கை. கோட்டின் கடைசி இரண்டு மூன்று நாள்கள் முழுமையாகக் கணக்கிடப்படாதவை என்பதால் நுனி தாழ்ந்திருப்பதைக் கண்டு பதற வேண்டாம். ஒப்பிடும்போது சென்ற மாதத்தோடு மட்டும் நின்றுவிடாமல் சென்ற ஆண்டின் இதே வாரங்களோடும் ஒப்பிடுங்கள். விடுமுறைக்காலம், தேர்வுக்காலம் போன்றவற்றால் வரும் ஏற்ற இறக்கம் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

சராசரி நிலையை மட்டும் தனியாக நம்பக் கூடாது. ஒரு தளம் புதிதாக நூறு தேடல் சொற்களுக்கு ஐந்தாம் பக்கத்தில் தோன்றத் தொடங்கினால், பழைய சொற்களில் ஓர் இடம்கூட இழக்காமலேயே அதன் சராசரி மோசமாகிவிடும். முக்கியமான இருபது தேடல் சொற்களை எடுத்து ஒவ்வொன்றின் நிலையையும் தனித்தனியாகப் பார்ப்பதே சரியான வழி.

அறிகுறி: அனலிட்டிக்ஸில் வீழ்ச்சி, சர்ச் கன்சோலில் மாற்றமில்லை

அனலிட்டிக்ஸ் என்பது தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் கருவி. அங்கு மட்டும் வீழ்ச்சி என்றால் இது தரவரிசைச் சிக்கலே அல்ல. தளத்தின் தீம் மாற்றப்பட்டபோது அளவீட்டு நிரல் விடுபட்டிருக்கலாம், அல்லது குக்கி ஒப்புதல் பெட்டி புதிதாக வைக்கப்பட்டு, ஒப்புதல் தராதவர்கள் எண்ணப்படாமல் போயிருக்கலாம். 2023 ஜூலை முதல் நாளில் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் தரவு சேகரிப்பதை நிறுத்தத் தொடங்கியபோது, ‘தளம் செத்துவிட்டது’ என்று அஞ்சியவர்கள் பலர். அளவீட்டு நிரலைச் சரிசெய்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

அறிகுறி: ஓரிரு நாளில் கிளிக் ஏறத்தாழச் சுழியத்துக்கு இறங்கிவிட்டது

தரவரிசை மாற்றம் ஒரு முழுத் தளத்தையும் இப்படிச் செங்குத்தாகத் தள்ளிவிடுவது அரிது. கோடு சுவர்போல் இறங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: தேடுபொறியால் பக்கங்களைத் திறக்க முடியவில்லை, பக்கங்களைச் சேர்க்க வேண்டாம் என்று தளமே சொல்லிக்கொண்டிருக்கிறது, அல்லது தளத்தின்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது.

சர்ச் கன்சோலின் யூஆர்எல் ஆய்வுக் கருவியில் முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். அது முதலில் காட்டுவது கூகுள் கடைசியாக வந்தபோது சேமித்துக்கொண்ட நிலையை. அங்கேயே உள்ள நேரடிச் சோதனையை இயக்கினால் இந்த நொடியில் பக்கம் எப்படித் தெரிகிறது என்பது கிடைக்கும். இரண்டும் வேறுபட்டால் அந்த வேறுபாட்டுக்குள்தான் விடை இருக்கிறது.

நான் கவனித்துவந்த ஒரு தளத்தில் புதிய வடிவமைப்பு வெள்ளிக்கிழமை மாலை ஏற்றப்பட்டது. திங்கள் காலை கோடு சரியத் தொடங்கியது. வியாழனுக்குள், தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்து தேடினாலும் முகப்புப் பக்கம் வரவில்லை. அந்த வாரத்தில் கோர் அப்டேட் (கூகுள் தன் தரவரிசைக் கணிப்பில் செய்யும் பெரிய மாற்றம்) ஒன்று நடந்துகொண்டிருந்ததால் நாங்கள் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், இரண்டு கூட்டங்கள்கூட நடத்தினோம். கடைசியில் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தபோது, ஹெட் எனப்படும் தலைப்பகுதியில் ‘நோஇண்டெக்ஸ்’ என்ற குறிப்பு எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருந்தது. சோதனைத் தளத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக, தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் வேர்ட்பிரஸ் தேர்வுப்பெட்டியில் டிக் இடப்பட்டிருந்தது. தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்தபோது அந்த டிக்கும் கூடவே வந்துவிட்டது. அதை எடுத்த பிறகு முகப்பு இரண்டு நாளில் திரும்பியது, ஆனால் யாரும் அதிகம் தொடாத உள்பக்கங்கள் முழுமையாகத் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

இதே இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. நோஇண்டெக்ஸ் குறிப்பை நீக்கிவிட்டு, தேடுபொறிகள் எதைத் திறக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் உள்ள தடையை எடுக்க மறந்தால், கூகுளால் பக்கத்தைத் திறக்கவே முடியாது. திறக்க முடியாததால் குறிப்பு நீங்கியதும் அதற்குத் தெரியாது. ரோபோட்ஸ் கோப்பு ‘உள்ளே வராதே’ என்று சொல்கிறது, நோஇண்டெக்ஸ் ‘வந்து பார், ஆனால் பட்டியலில் சேர்க்காதே’ என்று சொல்கிறது. இவ்விரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கையாள்வதால் வரும் குழப்பத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன்.

நேரடிச் சோதனையே தோற்றால் சர்வரைப் பாருங்கள். ரோபோட்ஸ் கோப்பைக் கேட்கும்போது சர்வர் 500 வரிசைப் பிழையை (சர்வர் பக்கக் கோளாறு) தந்தால், கூகுள் முதல் 12 மணி நேரத்துக்குத் தளத்தில் எதையும் திறக்காமல் நிறுத்திவிடுகிறது. அதன்பின் தன்னிடம் உள்ள பழைய நகலை 30 நாள் வரை பின்பற்றுகிறது. அந்தக் கோப்பு இல்லவே இல்லை என்று 404 வந்தால், தடை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. உலாவியில் தளம் நன்றாகத் திறக்கிறதே என்பது சான்றாகாது, ஏனென்றால் தாக்குதல்களைத் தடுக்க வைத்த ஃபயர்வால் உங்களை விட்டுவிட்டு, பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட்டை மட்டும் தடுத்துக்கொண்டிருக்கக்கூடும். சர்வர் பதிவேட்டில் கூகுள்பாட் என்ற பெயரோடு வந்தவற்றுக்கு 403 (அனுமதி மறுப்பு) பதில் போயிருக்கிறதா என்று பாருங்கள். பெயரைப் போலியாகச் சூடிக்கொள்ளும் நிரல்களும் இருப்பதால், ஐபி முகவரி யாருடையது என்பதைத் தலைகீழ் டிஎன்எஸ் முறையில் சரிபார்த்த பின்பே முடிவுக்கு வர வேண்டும். பராமரிப்புக்காகத் தளத்தை மூடும்போது 503 (தற்காலிகமாக இல்லை) பதிலைத் தருவதே முறை. அதுவும் ஓரிரு நாளுக்கு மேல் நீடித்தால் பக்கங்கள் பட்டியலிலிருந்து உதிரத் தொடங்கும்.

அடுத்து, சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கை, பாதுகாப்புச் சிக்கல் ஆகிய இரண்டு அறிக்கைகளையும் திறந்து பாருங்கள். கூகுள் ஊழியர் ஒருவர் தளத்தைப் பார்வையிட்டு விதிமீறல் என்று முடிவு செய்தால் அது முதல் அறிக்கையில் எழுத்தில் இருக்கும். தவற்றை நீக்கியபின் மறுபரிசீலனைக் கோரிக்கை அனுப்பலாம். அறிக்கை காலியாக இருந்தால் அத்தகைய நடவடிக்கை எதுவும் இல்லை, ஆகவே கோரிக்கை அனுப்பவும் வழியில்லை. பாதுகாப்புச் சிக்கல் காலியாக இருந்தாலும், தளத்தின் பெயரோடு ‘சைட்’ (site:) தேடல் கட்டளையைப் பயன்படுத்தி ஒருமுறை தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதாத ஜப்பானிய மொழித் தலைப்புகள் வரிசையாக வந்தால் யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று பொருள். இவ்வகை ஊடுருவல், பக்கத்தைத் திறக்கும் உங்களுக்கு 404 காட்டிவிட்டு கூகுளுக்கு மட்டும் வேறொன்றைக் காட்டும். ஊடுருவியவர்கள் சர்ச் கன்சோலில் தங்களையே உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு என்பதால், கோப்புகளைத் துப்புரவு செய்வதோடு பயனர் பட்டியலையும் பாருங்கள்.

அறிகுறி: இம்ப்ரெஷன் பாதியாகிவிட்டது, சராசரி நிலை மேம்பட்டிருக்கிறது, கிளிக் அப்படியே இருக்கிறது

சரிவு 2025 செப்டம்பர் நடுப்பகுதியில் தொடங்கியிருந்தால் இதற்காக எதையும் திருத்த வேண்டாம். ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டச் சொல்லும் முகவரிக் குறிப்பை கூகுள் அப்போது செயலிழக்கச் செய்தது. தரவரிசையைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் பல அதைத்தான் பயன்படுத்திவந்தன. அவை ஒவ்வொரு முறையும் நூறு முடிவுகளை வரவழைத்தபோது, எழுபதாவது இடத்தில் இருந்த உங்கள் பக்கத்துக்கும் ஓர் இம்ப்ரெஷன் பதிவாகியிருக்க வேண்டும். மனிதர் யாரும் பார்க்காத அந்தத் தோற்றங்கள் கணக்கிலிருந்து விழுந்தவுடன் இம்ப்ரெஷன் குறைந்தது, ஆழத்தில் இருந்த நிலைகள் கழிந்ததால் சராசரி மேலேறியது. கிளிக் மாறாமல் இருந்தால் இழப்பு எதுவும் இல்லை. மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ அறிக்கை தருபவர்கள் அந்த நாளில் ஒரு கோடு கிழித்து, அதற்கு முந்தைய இம்ப்ரெஷனோடு பிந்தையதை ஒப்பிட வேண்டாம் என்று எழுதிவைப்பது நல்லது.

அறிகுறி: நிலை மாறவில்லை, இம்ப்ரெஷன் குறையவில்லை, கிளிக் மட்டும் குறைகிறது

இங்கே நீங்கள் நின்ற இடம் அப்படியே இருக்கிறது. உங்களைச் சுற்றியுள்ள பக்கம் மாறிவிட்டது. முக்கியத் தேடல் சொற்களைக் கைப்பேசியில் நீங்களே தேடிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு குறுக்குவழி இல்லை. முதல் இடம் என்று அறிக்கை சொல்லும் இணைப்பு, விளம்பரங்களையும் காணொளிப் பெட்டிகளையும் தாண்டி இரண்டு முறை திரையை நகர்த்தினால்தான் தென்படுகிறது என்பது அப்போது விளங்கும்.

இத்தகைய மாற்றங்கள் பலமுறை நடந்திருக்கின்றன. 2020 ஜனவரியில், மேலே சிறப்புத் துணுக்காக எடுத்துக்காட்டப்படும் பக்கம் அதே முதல் பக்கத்தில் மறுபடியும் இடம்பெறாது என்று ஆக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் முடிவுகளில் காட்டும் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியதால், தள உரிமையாளர் எழுதிய தலைப்புக்குப் பதில் பக்கத்தின் உள்ளே உள்ள வேறு தொடர் காட்டப்படுவது கூடுதலாகக் கவனிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில், இணைப்பின் கீழே கேள்வி பதில்களை விரித்துக் காட்டும் வசதி நன்கறியப்பட்ட அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது; அதை நம்பித் தேடல் பக்கத்தில் அகலமாக உட்கார்ந்திருந்த தளங்கள் ஒரே வாரத்தில் இரண்டு வரிக்குச் சுருங்கின. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய ஏஐ ஓவர்வியூ, கேள்விக்கான விடையை முடிவுகளின் உச்சியிலேயே தொகுத்துத் தந்துவிடுகிறது.

ஏஐ ஓவர்வியூவில் உங்கள் இணைப்பு இடம்பெற்றால் அதுவும் சர்ச் கன்சோலின் வழக்கமான இணையத் தேடல் கணக்கிலேயே சேர்கிறது, அதற்குள் இருக்கும் எல்லா இணைப்புகளுக்கும் ஒரே நிலை எண் தரப்படுகிறது. முதல் நிலை என்று தெரிந்தும் கிளிக் வராமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இதைத் தவிர்க்க ‘கூகுள்-எக்ஸ்டெண்டட்’ என்ற பெயரை ரோபோட்ஸ் கோப்பில் தடை செய்தால் போதும் என்று ஓர் அறிவுரை உலவுகிறது. அது தவறு, அந்தத் தடைக்கும் தேடல் முடிவுகளுக்கும் தொடர்பில்லை. பக்கத்தின் வரிகளை எடுத்துக் காட்டாதே என்று சொல்லும் ‘நோஸ்னிப்பெட்’ குறிப்பு வேலை செய்யும், ஆனால் அதை இட்டால் சாதாரண முடிவில் உங்கள் இணைப்பின் கீழே வரும் விளக்க வரிகளும் போய்விடும். என் கருத்தில் இந்த விலை பெரும்பாலான தளங்களுக்குக் கட்டாது.

நீங்கள் திருத்தக்கூடியது தலைப்பு மட்டுமே. காட்டப்படும் தலைப்பு நீங்கள் எழுதியதிலிருந்து வேறுபட்டால், உங்களுடையது மிக நீளமாக இருக்கலாம், எல்லாப் பக்கங்களிலும் ஒரே சொற்களைத் திருப்பிச் சொல்வதாக இருக்கலாம், அல்லது பக்கத்தின் முதன்மைத் தலைப்போடு பொருந்தாமல் இருக்கலாம். இரண்டையும் இசைவாக்கிவிட்டு நான்கு வாரம் கழித்துக் கிளிக் விகிதத்தைப் பாருங்கள். ‘இதன் பொருள் என்ன’ வகைக் கேள்விகளால் மட்டுமே வாழ்ந்த பக்கங்களுக்குப் பழைய எண்ணிக்கை திரும்பும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

அறிகுறி: சில நாள்களில் தளம் முழுவதும் நிலை இறங்கியது, தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை

இப்போதுதான் அல்காரிதத்தைச் சந்தேகிக்க வேண்டும். கூகுள் தன் தேடல் நிலைப் பலகையில் ஒவ்வொரு கோர் அப்டேட்டும் ஸ்பேம் அப்டேட்டும் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் வெளியிடுகிறது. உங்கள் கோடு முறிந்த நாள் அந்த இடைவெளிக்குள் விழுகிறதா என்று பாருங்கள். 2024 மார்ச் 5 அன்று தொடங்கிய கோர் அப்டேட் முடிய ஏப்ரல் 19 ஆனது. 45 நாள் நீண்ட அத்தகைய அப்டேட்டின் நடுவில் நிலைகள் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. முடிந்தபின் குறைந்தது ஒரு முழு வாரம் காத்திருந்து, அந்த வாரத்தை அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு வந்த பக்கத்தில் கை வைக்காதீர்கள். நன்றாக இருக்கும் பக்கத்தைப் பதற்றத்தில் மாற்றி எழுதியதால் மேலும் இறங்கிய கதைகள் ஏராளம். பல தேடல் சொற்களுக்கு ஒருசேர, நான்காம் இடத்தில் இருந்தது இருபத்தொன்பதாம் இடத்துக்குப் போயிருந்தால்தான் ஆழமான ஆய்வு தேவை.

அந்த ஆய்வை எப்படிச் செய்வது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பு) மேல் பழியைப் போட்டு, ‘இவற்றைக் கணக்கில் கொள்ளாதே’ என்று கூகுளிடம் சொல்லும் மறுதலிப்புக் கோப்பில் ஆயிரம் இணைப்புகளை ஏற்றுவது முதல் தவறு. செயற்கை இணைப்புகளைத் தண்டிக்க 2012 ஏப்ரலில் வந்த பெங்குயின் அப்டேட் காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது; 2016இல் பெங்குயின் கூகுளின் மையத் தரவரிசைக் கணிப்போடு இணைந்தபின், செயற்கையான இணைப்புகள் பெரும்பாலும் மதிப்பற்றவையாக விடப்படுகின்றன. காசு கொடுத்து இணைப்பு வாங்கியிருந்தால் அல்லது கைமுறை நடவடிக்கை வந்திருந்தால் தவிர, அக்கோப்பைத் தொட வேண்டிய தேவை இல்லை. வேகத்தின் பின்னால் ஓடுவது இரண்டாவது. முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிவது, 2024 மார்ச் முதல் அளவுகோலாக உள்ள ஐஎன்பி (தட்டலுக்குப் பக்கம் பதில் தர எடுக்கும் நேரம்) 200 மில்லிநொடிக்குள் இருப்பது, தளவமைப்பு நகர்வு (பக்கக் கூறுகள் திடீரென இடம்மாறும் அளவு) 0.1க்குள் நிற்பது ஆகியவை வாசகருக்கு நல்லவை. ஆனால் இருபத்தைந்து இடம் இறங்கிய தளத்தை அவை தூக்கிவிட்டதை நான் கண்டதில்லை. பழைய கட்டுரையில் எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் இன்றையதாக்குவது மூன்றாவது, அது வாசகரை ஏமாற்றுவதும்கூட.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் வேலை. மிகுதியாகக் கிளிக் இழந்த பத்துத் தேடல் சொற்களை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் தேடி, இப்போது உங்களுக்கு மேலே இருக்கும் மூன்று பக்கங்களை முழுவதும் படியுங்கள். உதாரணமாக, ஒரு கருவியின் மதிப்பாய்வுப் பக்கம் உங்களுடையது என்றால், மேலே உள்ளவர் அக்கருவியைக் கையில் எடுத்து அளந்து, தானே எடுத்த படங்களை வைத்திருப்பார். உங்கள் பக்கத்தில் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பு வேறு சொற்களில் திரும்ப எழுதப்பட்டிருக்கும். அல்லது மேலே இருப்பவை எல்லாம் விற்பனைப் பக்கங்களாக இருக்கும், அதாவது அந்தச் சொல்லைத் தட்டுபவர் படிக்க வரவில்லை, வாங்க வருகிறார் என்று தேடுபொறி இப்போது கருதுகிறது. முதல் சூழலில் பக்கத்தை மேம்படுத்தலாம். இரண்டாவதில் எவ்வளவு எழுதினாலும் பயனில்லை, வேறு சொல்லைத் தேட வேண்டியதுதான்.

2011இல் உள்ளடக்கம் மெலிந்த தளங்களைக் கீழே தள்ளிய பாண்டா, 2022 ஆகஸ்டில் வந்து 2024 மார்ச்சில் மையக் கணிப்போடு கலந்துவிட்ட ‘உதவும் உள்ளடக்க’ மதிப்பீடு ஆகிய இரண்டும் இதே திசையில்தான் தள்ளின. திருத்தங்களின் பயன் சில சமயம் சில நாளில் தெரியும். பெரும்பாலும் மாதங்கள் ஆகும், அடுத்த கோர் அப்டேட் வரை பொறுக்க வேண்டியும் இருக்கலாம். திருத்திவிட்டால் பழைய இடம் கிடைத்தே தீரும் என்ற உறுதியை கூகுள் தருவதில்லை. மாத எண்ணிக்கையைக் குறிப்பிட்டு உறுதி தரும் ஆலோசகரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அறிகுறி: தளத்தின் ஒரு பகுதி மட்டும் விழுந்தது

செயல்திறன் அறிக்கையில் கோப்புறை வாரியாக வடிகட்டுங்கள். வெளியாருக்கு வாடகைக்கு விட்டதுபோல் நடத்திய கூப்பன் அல்லது ஒப்பீட்டுப் பகுதி மட்டும் விழுந்திருந்தால், 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த தள நற்பெயர்த் துஷ்பிரயோக விதியைப் படியுங்கள். ஒரே வார்ப்புருவில் அமைந்த பக்கங்கள் எல்லாம் விழுந்திருந்தால் அந்த வார்ப்புருவின் மொபைல் வடிவத்தைப் பாருங்கள்: கூகுள் மொபைல் வடிவத்தைத்தான் அட்டவணைப்படுத்துகிறது, மொபைலில் திறக்கவே திறக்காத பக்கங்கள் 2024 ஜூலை 5க்குப் பின் சேர்க்கப்படுவதில்லை. கணினித் திரையில் இருக்கும் விளக்கப் பகுதி மொபைலில் நீக்கப்பட்டிருந்தால், தேடுபொறியைப் பொறுத்தவரை அது எழுதப்படவே இல்லை.

அறிகுறி: முகவரிகளை மாற்றியபின் சரிவு

பழைய முகவரி ஒவ்வொன்றும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 (நிரந்தர) வழிமாற்றாகப் போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் கூகுள் அதை மென்மையான 404, அதாவது பக்கம் இல்லாததற்குச் சமம் என்று எடுத்துக்கொண்டு, பழைய பக்கம் சேர்த்திருந்த மதிப்பைக் கைவிடக்கூடும். வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டுக்கு எடுக்காதீர்கள். டொமைனே மாறினால் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றக் கருவியையும் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: புதிய பக்கங்கள் தேடலில் வருவதே இல்லை

பக்க அட்டவணை அறிக்கையில் இரண்டு வாசகங்கள் ஒன்றுபோலத் தோன்றும், பொருள் வேறு. ‘கண்டறியப்பட்டது, தற்போது சேர்க்கப்படவில்லை’ என்றால் கூகுளுக்கு முகவரி தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை. சர்வர் மெதுவாக இருக்கலாம் அல்லது தளத்துக்குள் அப்பக்கத்துக்கு இணைப்பே இல்லாமல் இருக்கலாம். ‘ஊர்ந்து படிக்கப்பட்டது, தற்போது சேர்க்கப்படவில்லை’ என்றால் வந்து படித்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு ‘அட்டவணையில் சேர்க்கக் கோருக’ பொத்தானைத் தினமும் அழுத்துவதில் பயன் இல்லை. அந்தப் பக்கத்தில் உள்ளது தளத்தின் வேறு பக்கத்திலோ வேறு தளங்களிலோ ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: முறிவு எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் மெல்லத் தேய்கிறது

கூகுள் டிரெண்ட்ஸில் உங்கள் முக்கியச் சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். அங்கும் அதே சாய்வு தெரிந்தால் மக்கள் அதைத் தேடுவதே குறைந்துவிட்டது. தேடல் குறையாமல் நீங்கள் மட்டும் தேய்ந்தால், தகவல் பழையதாகிப்போன பக்கங்களை முதலில் எடுங்கள். இவ்வகைத் தேய்வை உறுதி செய்ய நீண்ட காலத் தரவு வேண்டும், ஆனால் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையை இறக்கி ஒரு கோப்புறையில் சேர்த்து வையுங்கள், பக்கத்து வரிசையில் அந்த மாதம் தளத்தில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் தேதியோடு குறியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏற்றியவற்றை மறக்காமல் எழுதுங்கள்.